ஜன்னலுக்கு வெளியே அம்மா: கவனிக்காமல் விட்ட ஓர் இந்தோனேசியப் பேய்ப்படம்

அம்மாவை அடக்கம் செய்தாயிற்று. இரவு. டோமி என்ற பையன் தன் அறையில் படுத்திருக்கிறான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே அம்மா. வெள்ளை உடை, சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்த முகம், சுற்றிலும் புகைமூட்டம். அவன் ஓடவில்லை. அம்மா கூப்பிட்டால் பிள்ளை போகும்தானே, தூக்கத்தில் நடப்பவன் மாதிரி அவளை நோக்கிப் போகிறான்.

இந்தக் காட்சியை முதல்முறை பார்த்தபோது எனக்குப் பயத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. பேயைப் பார்த்து அலறுகிற பிள்ளைகளை எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டோம், ஆனால் செத்துப்போன அம்மாவை விட முடியாமல் பேய் என்று தெரிந்தும் பின்னாலேயே போகிற பிள்ளையை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்? படத்தின் பெயர் ‘பெங்ஙப்டி சேத்தான்’. 1980-இல் எடுக்கப்பட்டது, வெளியான ஆண்டை 1982 என்று போடும் பட்டியல்களும் உண்டு. இயக்கியவர் சிஸ்வோரோ கௌதமா புத்ரா, தயாரித்தது ஜகார்த்தாவின் ராப்பி ஃபிலிம்ஸ். 2017-இல் ஜோக்கோ அன்வர் எடுத்த ரீமேக்கைப் பார்த்துவிட்டு, மூலம் எப்படி இருக்கும் என்று தேடிப்போனவர்கள்தான் இன்று இதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர். நானும் அந்த வழியாக வந்தவன்தான்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் படத்தின் சாவியே அதில்தான் இருக்கிறது. சேத்தான் என்பது நம் சைத்தான், அதே அரபுச் சொல். ‘அப்டி’ என்பதும் அரபிலிருந்து போனதுதான். அப்துல்லா என்ற பெயரில் வரும் ‘அப்து’, அதாவது அடியான், ஊழியன். அப்துல்லா அல்லாவின் அடியான் என்றால், பெங்ஙப்டி சேத்தான் சைத்தானின் அடியான். இந்தோனேசிய மொழியில் ஒருமை பன்மைக்குத் தனி விகுதி கட்டாயமில்லை, எனவே இது ஒரு ஆளா, பல பேரா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. படம் பார்க்கும்போது வீட்டுக்கு வேலைக்கு வரும் தர்மினா என்ற பெண்தான் அந்த ஊழியக்காரி என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் படம் போகிற போக்கைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தையும் சேர்த்தே கேட்கிற மாதிரி இருக்கிறது: நீங்கள் யாருக்கு அடியார்கள்?

கதை எளிமையானது. முனார்த்தோ என்ற பணக்காரர். மனைவி மாவார்த்தி இறந்துபோகிறாள். மகள் ரீட்டா, மகன் டோமி, ஆஸ்துமா தொல்லையோடு இழுத்துக்கொண்டிருக்கும் வயதான வேலைக்காரர் ஒருவர். டோமி பயந்துபோய் ஒரு குறிசொல்பவளிடம் போகிறான், அவள் உன் குடும்பத்துக்கு ஆபத்து, தப்பிக்க நீயே மாந்திரீகம் பழகிக்கொள் என்கிறாள். பையனும் பில்லி சூனியப் புத்தகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அப்புறம் தர்மினா வந்து சேர்கிறாள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள்: வேலைக்காரர் தூக்கில் தொங்குகிறார், ரீட்டாவின் காதலன் ஹெர்மன் போய்ச் சேர்கிறான், பேயை விரட்ட வந்த மந்திரவாதியும் மிஞ்சவில்லை. கடைசியில் செத்தவர்கள் எல்லோரும் எழுந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள்.

தர்மினாவாக நடித்த ரூத் பெலுபெஸியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அவருடைய முகத்தில் அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கத்துவதும் கிடையாது. ஒரு வேலைக்காரி எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நிற்கிறார், ஆனால் கண் மட்டும் எதிராளியை விட்டு அகலாது. வெளுத்த முகத்தோடு வரும் பிணங்களைவிட இவர் சும்மா நிற்பதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது. தகப்பனாக வரும் டபிள்யூ. டி. மொக்தார் அந்தக் காலத்து இந்தோனேசியப் படங்களில் எங்கே திரும்பினாலும் இருப்பவர்.

இந்தோனேசியப் பேய்ப்படங்களைக் கொஞ்சம் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் வித்தியாசமாகப் படும். அங்கே பேய் என்றாலே வழக்கமாகப் பெண், அதுவும் அநியாயம் இழைக்கப்பட்ட பெண். குந்திலானாக், முதுகில் ஓட்டையோடு வரும் சுந்தல்போலோங் என்று வரிசையாக இருக்கிறார்கள். மலாய்க்காரர்கள் பொந்தியானாக் என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சிங்கப்பூரில் 1957-இல் ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் பி. என். ராவ், கேரளத்தில் பிறந்து தமிழ்ப் படங்களும் எடுத்துவிட்டு அங்கே போனவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம். இந்தோனேசியாவில் இந்த வகைப் படங்களின் ராணி சுசானா. இதே சிஸ்வோரோதான் 1981-இல் அவரை வைத்து ‘சுந்தல்போலோங்’ எடுத்தார். அதே ஆண்டு ராப்பி ஃபிலிம்ஸ் தயாரித்த ‘ராத்து இல்மு ஹித்தாம்’ படத்தில், ஊரே சூனியக்காரி என்று பழிசுமத்தி மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்ட பெண்ணாக வந்து ஒவ்வொருவரையும் பழிவாங்குவார். அதே காலத்தில் பாலித் தீவின் லேயாக் சூனியத்தை வைத்து ஹெச். ஜூட் ஜலீல் எடுத்த படத்தில் தலை மட்டும் குடலோடு கழன்று பறக்கும். மேற்கே பேய்ப்பட ரசிகர்கள் முதலில் கண்டெடுத்துக் கொண்டாடியது இந்தப் பறக்கும் தலையைத்தான்.

‘பெங்ஙப்டி சேத்தா’னில் இதெல்லாம் கிடையாது. சுசானா இல்லை. கிராமம் இல்லை. பழிவாங்க வேண்டிய அநியாயம் எதுவும் மாவார்த்திக்கு நடக்கவில்லை, அவள் சும்மா செத்துப்போன ஒரு அம்மா. நாட்டுப்புறப் பேய் எதுவும் அதன் சொந்தப் பெயரில் வரவில்லை. ஜாவா முஸ்லிம்களின் பேய் நம்பிக்கையில் போச்சோங் என்று ஒன்று உண்டு. பிணத்தைச் சுற்றும் கபன் துணியின் முடிச்சை அவிழ்க்காமல் புதைத்துவிட்டால் பிணம் அந்தக் கோலத்திலேயே குதித்துக் குதித்து வரும் என்பார்கள். அதைக்கூட இவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே வருபவை பாதி ஐரோப்பிய ரத்தக்காட்டேரி, பாதி அமெரிக்க ஜாம்பி. 1979-இல் வந்த ‘ஃபான்டாசம்’ என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் தெளிவாகவே தெரிகிறது: சாவு வீடு, சாவைப் புரிந்துகொள்ள முயலும் பையன், சின்தசைசர் இசை எல்லாம். காப்பிதானே என்று ஒதுக்கியவர்கள் நிறைய, அதனால்தான் இது இவ்வளவு நாள் ஓரமாகக் கிடந்தது என்றும் நினைக்கிறேன்.

ஆனால் கடன் வாங்கியதை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அங்கேதான் படம் சொந்தக்காலில் நிற்கிறது.

அதற்கு அன்றைய இந்தோனேசியாவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1965 கடைசியில் தொடங்கிய கம்யூனிஸ்ட் ஒழிப்பில் குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1966-இல் கம்யூனிசம் தடைசெய்யப்பட்டது. சுகார்த்தோவின் ‘புதிய ஒழுங்கு’ ஆட்சி 1998 வரை நீடித்தது. கம்யூனிஸ்ட் என்றால் கடவுள் இல்லாதவன் என்று நாடு முழுக்கப் பதிந்துபோனதால், மதம் இல்லை என்று சொல்வதே உயிருக்கு ஆபத்து என்ற நிலை. பஞ்சசீலா என்ற அந்த நாட்டின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளில் முதலாவதே ஏக இறைநம்பிக்கை. பள்ளிகளில் சமயப்பாடம் கட்டாயமாயிற்று. அடையாள அட்டையில் மதத்துக்கு ஓர் இடம், அங்கே அரசு ஏற்றுக்கொண்ட மதங்களில் ஒன்றைப் போட்டாக வேண்டியிருந்தது. அந்த அட்டைக்கு அங்கே கே.டி.பி. என்று பெயர். அதிலிருந்து ‘இஸ்லாம் கே.டி.பி.’ என்று ஒரு வழக்குச் சொல் பிறந்தது: அட்டையில் மட்டும் முஸ்லிம், தொழுகை கிடையாது, நோன்பு கிடையாது, அட்டையை எடுத்து நீட்டாத நாளில் மதம் நினைவுக்கே வராது.

முனார்த்தோவின் வீடு அச்சு அசல் ஓர் இஸ்லாம் கே.டி.பி. வீடு. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது இந்தோனேசியாவில் பணம் புரண்டது, ஜகார்த்தாவில் ஒரு புதுப் பணக்கார வர்க்கம் முளைத்தது. பெரிய வீடு, வேலையாட்கள், மகள் காதலனோடு டிஸ்கோவுக்குப் போகிறாள். அதில் எதையும் படம் பெரிய பாவமாகக் காட்டி விரல் நீட்டுவதில்லை, அது எனக்குப் பிடித்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தாயை இழந்து தவிக்கிற சாதாரண மனிதர்கள். ஆனால் துக்கம் வந்தபோது கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஜாவாவில் ஒருவர் இறந்தால் ஏழு இரவு அண்டை அயலார் கூடி ஓதுவார்கள், அப்புறம் நாற்பதாம் நாள், நூறாம் நாள், ஆயிரமாவது நாள் என்று போகும். தஹ்லீலான் என்று இதற்குப் பெயர். இறந்தவரை வழியனுப்புவது ஒரு பக்கம் இருக்கட்டும், இருப்பவர்களைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்வதும் அதில்தான் நடக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், இருட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு அம்மா குரலைக் கேட்கிற டோமியை நினைத்துப் பாருங்கள். சைத்தான் நுழைய அந்த ஜன்னல் போதும்.

இந்த இடத்தில் படத்தின் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். ஆபத்து வந்ததும் முதலில் குறிசொல்பவள், அடுத்து மாந்திரீகப் புத்தகம், அடுத்து டுக்குன் என்று அவர்கள் அழைக்கும் மந்திரவாதி. மூன்றும் தோற்கின்றன, அது மட்டுமில்லாமல் ஒவ்வொன்றும் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. ஜாவாவின் கிராம வாழ்க்கையில் டுக்குனுக்கும் இஸ்லாமிய மார்க்க அறிஞரான கியாய்க்கும் இடையே ஒரு பழைய போட்டி உண்டு. வயிற்றுவலிக்கும் திருட்டுக்கும் பில்லிக்கும் மக்கள் இரண்டு பேரிடமும்தான் போவார்கள், ஒரே ஆளே இரண்டாகவும் இருப்பதும் உண்டு. படம் அந்தப் போட்டியில் தயங்காமல் ஒரு பக்கம் சாய்கிறது. மார்க்க அறிஞர் தன் ஆட்களோடு வீட்டுக்குள் வருகிறார், இறைவசனம் ஓதுகிறார், செத்து எழுந்தவர்கள் தீப்பற்றி எரிகிறார்கள், தர்மினாவும்தான்.

இதை ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே இரண்டு பாதிரியார்கள் சாத்தானோடு மல்லுக்கு நின்று, தங்கள் உயிரைக் கொடுத்துத்தான் சிறுமியை மீட்கிறார்கள். இங்கே யாரும் தியாகம் செய்வதில்லை. ஒரு கூட்டம் வருகிறது, சேர்ந்து ஓதுகிறது. அம்மா இறந்த அன்றிலிருந்து இந்த வீட்டில் இல்லாமல் போனது எதுவோ அது கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வருகிறது. முதல்முறை பார்த்தபோது ‘சரி, பிரச்சாரம் பண்ணுகிறார்கள்’ என்று கொஞ்சம் சலித்துக்கொண்டேன். இரண்டாம் முறை பார்த்தபோது, அந்தக் கூட்டம் வந்து நிற்பதுதான் காட்சியின் உயிர் என்று பட்டது.

பிரச்சாரமும் இருக்கிறது, மறுக்கவில்லை. தணிக்கை கடுமையாக இருந்த காலம். 1981-இல் வந்த தேசியத் திரைப்படத் தயாரிப்பு நெறிமுறைகள் நல்லதே வெல்ல வேண்டும், இறைநம்பிக்கைக்கு இழுக்கு வரக் கூடாது என்று வலியுறுத்தின. 1980-களின் பேய்ப்படங்களில் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கியாய் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வது எழுதாத விதி மாதிரி ஆகிவிட்டது. ரத்தம், சதை, சூனியம் என்று எண்பது நிமிடம் காட்டிவிட்டு இறுதியில் ஒரு பிரார்த்தனையோடு முடித்தால் தணிக்கைக்காரர்களும் திருப்தி, பார்த்தவர்களும் மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பல படங்களில் அந்தக் கியாய் வெளியிலிருந்து ஒட்டவைத்த மாதிரி இருப்பார், இங்கே கதையின் முதல் காட்சியிலிருந்தே அவருக்கான காலி இடம் தெரிகிறது.

படம் எடுத்தவர்களைப் பற்றியும் கொஞ்சம். சிஸ்வோரோ வடக்கு சுமத்ராக்காரர். காட்டுவாசிகள் பற்றிய ‘பிரிமித்திஃப்’, சண்டைப்படமான ‘ஜக்கா செம்புங்’ என்று எது ஓடுமோ அதை வேகமாக எடுக்கத் தெரிந்தவர். எழுத்தில் பங்கெடுத்த இமாம் தந்தோவி பிற்பாடு தானே இயக்குநரானார். தயாரிப்பாளர் கோபே சம்தானி சிந்தி வம்சாவளி. ஜவுளி வியாபாரத்துக்குப் போன சிந்திகளை இந்தோனேசியர்கள் ‘பம்பாய்க்காரர்கள்’ என்றே சொல்வார்கள், ஜகார்த்தாவின் பசார் பாரு கடைத்தெருவில் அவர்களுக்குப் பெயர்பெற்ற கடைகள் உண்டு. அந்தச் சமூகத்திலிருந்து பலர் சினிமாவுக்கு வந்தார்கள். ராப்பியின் சம்தானிகளும், பார்கித் ஃபிலிமை நடத்திய, பஞ்சாபி என்பதையே குடும்பப்பெயராகக் கொண்ட சிந்திகளும் அவர்களில் முக்கியமானவர்கள். வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்கிறவர்கள் உள்ளூரிலும் படம் எடுத்தாக வேண்டும் என்று 1970-களில் அரசு விதி போட்டதால், என்ன மாதிரிப் படம் வெளியே விற்கிறது என்று நன்றாகத் தெரிந்த இறக்குமதிக்காரர்கள் கையில் தயாரிப்பும் வந்தது. அமெரிக்கப் படத்தின் சாயல் ஜகார்த்தா வீட்டுக்குள் வந்த வழி இதுதான். உள்ளே வந்ததை எப்படித் தங்கள் ஊர்க்காரனாக ஆக்கினார்கள் என்பதில்தான் இவர்கள் கெட்டிக்காரத்தனம்.

இந்தப் படங்களுக்குப் பெரிய அரங்குகள் மட்டும் கதியாக இருக்கவில்லை. ‘மிஸ்பார்’ என்று திறந்தவெளிக் கொட்டகைகள் இருந்தன. கெரிமிஸ் என்றால் தூறல், புபார் என்றால் கலைவது. தூறல் போட்டால் கலைந்துபோக வேண்டியதுதான் என்பதைச் சுருக்கி வைத்த பெயர். திரையை ஊர் ஊராகக் கொண்டுபோய் நட்டுவைத்துக் காட்டுவதும் உண்டு. படம் முடிந்து இருட்டில், வாழைத்தோப்பு ஓரமாக நடந்தே வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு டோமியின் ஜன்னல் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிப் பயந்த பிள்ளைகளில் ஒருவர் ஜோக்கோ அன்வர். 1976-இல் மேடானில் பிறந்தவர். சிறுவயதில் தன்னை நடுங்கவைத்த இந்தப் படத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று ராப்பி ஃபிலிம்ஸின் கதவைப் பல வருடங்கள் தட்டிக்கொண்டே இருந்தார். அதற்குள் 1990-களில் இந்தோனேசிய சினிமாவே ஏறக்குறையப் படுத்துவிட்டது, 2000-க்குப் பிறகுதான் எழுந்தது. வெளிநாட்டில் படம் வேறொரு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது. ஆங்கில டப்பிங்கோடு வீடியோ கேசட்டாகப் போயிற்று. ஜப்பானில் இதற்கு வைத்த பெயர் ‘இரவுப் பனியின் ஜோகிஜோகி மான்ஸ்டர்’ என்ற பொருளில் வரும். ஒரு தாயின் சாவைப் பற்றிய படம் அங்கே இப்படித்தான் அலமாரியில் உட்கார்ந்திருந்தது.

படச்சுருளைக் காப்பதிலும் ஒரு பாகுபாடு உண்டு. ஜகார்த்தாவில் 1975-இலிருந்தே சினிமாத்தெக் என்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது, மிஸ்பாக் யூசா பிரான் உழைத்து உருவாக்கியது. ஆனால் வெக்கையும் ஈரப்பதமும் நிறைந்த ஊரில் படச்சுருளைக் காப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. உஸ்மார் இஸ்மாயிலின் 1954-ஆம் ஆண்டுப் படம் ‘லெவாத் ஜாம் மாலாம்’ வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் உதவியோடு 2012-இல் புதுப்பிக்கப்பட்டு கான் விழாவில் திரையிடப்பட்டது. அது அதற்குத் தகுதியான படம்தான். பேய்ப்படங்களுக்கு அப்படி யாரும் வருவதில்லை. அவற்றைக் காப்பாற்றியது மோண்டோ மகாப்ரோ, செவெரின் மாதிரியான வெளிநாட்டுச் சின்ன நிறுவனங்களும் பழைய கேசட்டைத் தூக்கிப் போடாத ரசிகர்களும்தான். ‘பெங்ஙப்டி சேத்தான்’ துலக்கப்பட்ட ப்ளூரேயாக வந்தபோது, கேசட்டில் வெறும் கறுப்பாகத் தெரிந்த இரவுக் காட்சிகளில் புகையும் நிறமும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன.

ரீமேக் 2017-இல் வந்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அரங்கில் பார்த்தார்கள், அந்த ஆண்டு இந்தோனேசியாவில் அதிகம் பேர் பார்த்த உள்ளூர்ப் படம் அதுதான். 2022-இல் வந்த இரண்டாம் பாகத்தை அறுபது லட்சத்துக்கும் மேல். ஜோக்கோ கதையை 1981-இலேயே வைத்தார், தொழாத குடும்பம் என்பதையும் வைத்துக்கொண்டார். ஆனால் ஒன்றைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். அவருடைய படத்திலும் பக்கத்தில் ஒரு உஸ்தாத், அதாவது மார்க்க ஆசிரியர், இருக்கிறார், குடும்பத்துக்கு நல்லது சொல்கிறார், நாமும் இவர் வந்து காப்பாற்றிவிடுவார் என்று காத்திருக்கிறோம். அவர் செத்துப்போகிறார். அந்த இடத்தில் ஜகார்த்தா அரங்குகளில் உட்கார்ந்திருந்த, பழைய படத்தைப் பார்த்து வளர்ந்த ஆட்களுக்கு எப்படி இருந்திருக்கும்! மூலப்படத்தைப் பார்க்காத எனக்கு அது இன்னொரு சாவாகத்தான் தெரிந்தது, பார்த்த பிறகுதான் எவ்வளவு பெரிய கதவை ஜோக்கோ சாத்தியிருக்கிறார் என்று புரிந்தது. அதனால் என் யோசனை, பழையதை முதலில் பாருங்கள். முடிந்தால் ஆங்கில டப்பிங்கை விட்டுவிட்டு இந்தோனேசியக் குரலோடு, சப்டைட்டில் வைத்துப் பாருங்கள், டோமியின் அம்மா அந்த மொழியில்தான் கூப்பிட வேண்டும்.

பழைய படம் உண்மையில் ஓதி முடித்ததோடு முடிவதில்லை. எல்லாம் அடங்கி, குடும்பம் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறது. முகங்களில் நிம்மதி. அங்கே ஒரு கார். உள்ளே உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு தர்மினாவின் முகம்.